84ஆவது பிரிவை விலை பேசாதீர்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனின் மெக்காலிஸ்டர் சாலையை நோயாளிகளின் சாலை என்று சொன்னால் தப்பில்லை. தனியார் மருத்துவமனை, ஸ்பெஷலிஸ்ட் கிளினிக், மருந்துக்கடை என்று வரிசையாக வரும். வைத்தியத்துக்காக இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்திறங்கிய குடும்பங்கள் எக்ஸ்ரே உறையைக் கையில் பிடித்தபடி சாலையைக் கடக்கும். கொஞ்சம் தள்ளி ரெசிடென்சி சாலையில், நம்மவர்கள் பெரிய ஆஸ்பத்திரி என்று சொல்லும் அரசு மருத்துவமனை. இதே மெக்காலிஸ்டர் சாலையில் 131ஆம் எண்ணில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே யாரும் நாடி பிடித்துப் பார்ப்பதில்லை, காகிதமும் கணினியும்தான். ஆனால் ஹெபடைட்டிஸ் சி கண்ட ஒருவர் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் மாத்திரை வாங்கிப் போகிறார் என்றால், அதில் அந்த அலுவலகத்துக்கும் பங்கு உண்டு.

அதன் பெயர் தேர்ட் வேர்ல்டு நெட்வொர்க். அதன் கதைக்குப் பிறகு வருகிறேன். இதை இப்போது எழுத என்ன அவசரம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2025 அக்டோபர் 26ஆம் தேதி, ஆசியான் உச்சநிலை மாநாட்டுக்கு வந்த அமெரிக்க அதிபர் டிரம்பும் நம் பிரதமர் அன்வார் இப்ராஹிமும் கோலாலம்பூரில் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மலேசியப் பொருள்களுக்கு அமெரிக்கா அப்போது போட்ட 19 விழுக்காட்டு வரி, அதில் எவற்றுக்கு விலக்கு என்பதுதான் காப்பிக்கடை வரைக்கும் பேச்சாக இருந்தது. அறிவுசார் சொத்துக்கு மலேசியா வலுவான பாதுகாப்பு தரவேண்டும் என்றும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. 19 விழுக்காட்டு வரியைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவர்கள் இந்த ஒரு வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விட்டார்கள்.

வலுவான பாதுகாப்பு என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எதை, யாரிடமிருந்து பாதுகாப்பது என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும்.

காப்புரிமையை வீட்டுப் பட்டா போலப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அது பட்டா இல்லை, லைசென்சு. மாநகர் மன்றம் அங்காடிக்காரருக்குக் கொடுக்கும் லைசென்சைப் போல, அரசாங்கம் கொடுப்பது, காலவரை உள்ளது, நிபந்தனை உள்ளது. ஒரு வித்தியாசம் உண்டு. நாசி கண்டார் விற்க லைசென்சு எடுத்தால் நீங்களும் விற்கலாம், பக்கத்துக் கடைக்காரரும் விற்கலாம். காப்புரிமை எடுத்துவிட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு உங்கள் சம்மதமில்லாமல் நாட்டில் வேறு எவரும் அந்தப் பொருளைச் செய்யவோ விற்கவோ முடியாது. செல்லுபடியாவதும் கொடுத்த நாட்டுக்குள் மட்டும்தான். அமெரிக்கக் காப்புரிமைக்கு அமெரிக்காவில்தான் மதிப்பு. இங்கே தடை போடவேண்டுமானால் இங்கே விண்ணப்பித்து இங்கே வாங்கவேண்டும்.

இத்தனை பெரிய அதிகாரத்தைத் தனியார் கையில் கொடுக்கும் அரசு, தன் கையில் ஒரு மாற்றுச்சாவி வைத்திருப்பது நியாயம்தானே? நம் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆவது பிரிவுதான் அந்தச் சாவி. நாட்டில் அவசரநிலை வந்தாலோ, உணவு, சுகாதாரம், பாதுகாப்பு போன்ற பொதுநலன் கோரினாலோ, உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே அந்தக் கண்டுபிடிப்பை ஓர் அரசு நிறுவனமோ அரசு நியமிக்கும் வேறொருவரோ பயன்படுத்தலாம் என்று அமைச்சர் முடிவெடுக்கலாம். உரிமையாளருக்குத் தகுந்த ஈட்டுத்தொகை கொடுத்தாகவேண்டும். காப்புரிமை ரத்தாகாது, அவர் தன் மருந்தைத் தனியார் சந்தையில் தன் விலைக்கு விற்றுக்கொள்ளலாம். இதைத் திருட்டு என்று சொல்பவர்கள் சட்டத்தைப் படிக்காதவர்கள், அல்லது படித்துவிட்டு மறைப்பவர்கள். 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தமே 31ஆவது விதியில் இதற்கு இடம் தருகிறது. 2001 நவம்பரில் தோஹாவில் கூடிய அமைச்சர்கள் அதை இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள்.

சாவி இருந்தால் மட்டும் போதாது, திருப்பத் துணிச்சல் வேண்டும். மலேசியா இரண்டு முறை திருப்பியிருக்கிறது.

முதல் முறை 2003இல், எச்.ஐ.வி. மருந்துகளுக்காக. இந்தியாவின் சிப்லா நிறுவனம் தயாரித்த மருந்துகளை அரசு மருத்துவமனைகளுக்காக இறக்குமதி செய்ய அரசாங்கம் இரண்டாண்டுக்கு அனுமதி கொடுத்தது. ஒரு நோயாளிக்கு மாதம் ஆகும் செலவு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. தோஹாவுக்குப் பிறகு ஆசியாவில் இப்படிச் செய்த முதல் நாடு நாம். நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்கவேண்டிய செய்தி இது.

இரண்டாவதுதான் பெரிய கதை. சொஃபொஸ்புவிர் என்ற மாத்திரை 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டு, காய்ச்சலும் சோர்வுமாய்க் கிடந்து, பாதிப் பேர் குணமாகாமலே திரும்பினார்கள். இந்த மாத்திரையை வேறொரு மருந்தோடு சேர்த்து 12 வாரம் தினமும் விழுங்கினால் பெரும்பாலோருக்குக் கிருமி அடியோடு போய்விடுகிறது. அருமையான மருந்து, அதைக் குறை சொல்ல எதுவுமில்லை. விலைதான் வாயைப் பிளக்க வைத்தது. கிலியட் நிறுவனம் 12 வாரத்துக்கு 84,000 டாலர் என்று விலை வைத்தது, அதாவது ஒரு மாத்திரை 1,000 டாலர். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில் குழு போட்ட கணக்குப்படி, அந்த 12 வார மாத்திரைகளைத் தயாரிக்க ஆகும் செலவு 68 முதல் 136 டாலர்.

ஆராய்ச்சிச் செலவை யார் தருவது என்று உடனே ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. கிலியட் இந்த மருந்தைத் தானே தொடக்கத்திலிருந்து உருவாக்கவில்லை. ஃபார்மாசெட் என்ற சிறிய நிறுவனத்தை 2011இல் சுமார் 1,100 கோடி டாலர் கொடுத்து விலைக்கு வாங்கியது. 2014இல் அந்த ஒரு மாத்திரையின் விற்பனை மட்டும் 1,000 கோடி டாலரைத் தாண்டியது. போட்ட பணத்தை ஏறக்குறைய முழுதும் ஓராண்டு வசூலிலேயே பார்த்துவிட்டது. வருமானத்தைப் பெருக்குவதைக் குறியாக வைத்தே விலை வைக்கப்பட்டது என்று அமெரிக்க செனட்டின் நிதிக் குழு உறுப்பினர்கள் வைடனும் கிராஸ்லியும் 2015இல் அறிக்கையே வெளியிட்டார்கள். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி.

2014இல் கிலியட் இந்திய நிறுவனங்களுக்கு மலிவு மருந்து தயாரிக்க உரிமம் கொடுத்தது. 91 ஏழை நாடுகளுக்கு விற்கலாம். பட்டியலில் மலேசியா இல்லை. பணக்கார நாட்டு விலை கொடுக்கவும் முடியாது, ஏழை நாட்டுச் சலுகையும் கிடைக்காது. நடுத்தர வர்க்கத்துக் குடும்பம் மகனின் படிப்புக் கடனுக்கு அலைகிற கதைதான். வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மலிவாகச் செய்யும் அதே மாத்திரை, இந்தப் பக்கம் ஏறக்குறைய 5 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கும் என்று மதிப்பிடப்பட்ட நாட்டுக்கு வரக்கூடாது.

அரசு பேச்சு நடத்திப் பார்த்தது. விலை படியவில்லை. அப்போது சுகாதார அமைச்சர் ம.இ.கா. தலைவர் டத்தோ ஸ்ரீ டாக்டர் எஸ்.சுப்ரமணியம். 2017 ஆகஸ்டில் அமைச்சரவை 84ஆவது பிரிவைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டது. அதே மாதம் கிலியட் மலேசியாவையும் தன் மலிவு விலைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது! அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை. அரசு பின்வாங்காமல் செப்டம்பரில் முடிவை வெளியிட்டது. இந்த மருந்துக்கு இப்படி அரசு உரிமம் எடுத்த முதல் நாடு மலேசியா. எகிப்தின் ஃபார்கோ நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 300 டாலருக்குள் முழுச் சிகிச்சையும் முடிய வழி பிறந்தது. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது.

டாக்டர் சுப்ரமணியம் அதே 2018 மே தேர்தலில் சிகாமட்டில் தோற்றார். அவருடைய கட்சியின் அரசியலில் எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் இந்த ஒரு முடிவுக்காக அவர் பெயரைச் சொல்லவேண்டும். தேர்தல் மேடையில் அவருடைய கட்சிக்காரர்கள்கூட இதைப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

எதிர்ப்பு வராமலில்லை. அமெரிக்க மருந்து நிறுவனங்களின் சங்கம், மலேசியாவை அறிவுசார் சொத்துக் குற்றவாளிகளின் பட்டியலில் முதல் வரிசையில் வைக்கச் சொல்லி வாஷிங்டனில் மனுப் போட்டது. 2018இல் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் மலேசியாமீது தனி மறுஆய்வையும் அறிவித்தது. மிரட்டல் எப்போதும் இப்படித்தான் வரும். வழக்காக வராது, வர்த்தகமாக வரும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். மறுப்புக்கு ஆதாரமான இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று நிறுவனம் போட்ட வழக்கை 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று முடித்துவைத்தது. நமக்கு வந்து சேர்ந்த மலிவு மாத்திரைகள் பலவற்றின் வேர் அந்த மண்ணில் இருக்கிறது.

இப்போது 131ஆம் எண்ணுக்கு வருவோம். 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நெடுங்காலம் நடத்தியவர் எஸ்.எம்.முகமட் இட்ரிஸ். தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வணிகராய் வளர்ந்தவர். 2019 மே 17இல் 92 வயதில் மறைந்தார். கோட்டு சூட்டுப் போடாத அந்த மனிதர், 1984இல் வளரும் நாடுகளின் ஆர்வலர்களைப் பினாங்குக்கு அழைத்துக் கூட்டிய மாநாட்டில் பிறந்ததுதான் தேர்ட் வேர்ல்டு நெட்வொர்க். அதை உலகறியச் செய்தவர் பினாங்கிலேயே பிறந்த பொருளாதார அறிஞர் மார்ட்டின் கோர். ஜெனீவாவில் வர்த்தகப் பேச்சுக்குப் போகும் ஏழை நாட்டு அதிகாரிகள், வரைவில் எந்தச் சொல் எங்கே கடிக்கும் என்று தெரிந்துகொள்ள அவருடைய குறிப்புகளைத்தான் புரட்டினார்கள். 2020 ஏப்ரல் 1இல் அவரும் போய்விட்டார். ஹெபடைட்டிஸ் மருந்துக்கு அரசு உரிமம் எடுக்கவேண்டும் என்று நோயாளிகளின் அமைப்புகளோடு சேர்ந்து குரல் கொடுத்தவர்களில் இந்த அலுவலகத்தினரும் உண்டு.

இதே தீவின் தெற்கில் பாயான் லெப்பாஸ். 1969இல் ஜார்ஜ்டவுன் சுங்க வரியற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்து, வேலையில்லாமல் இளைஞர்கள் திண்டாடிய நேரத்தில், அப்போதைய முதலமைச்சர் லிம் சோங் யூ வயல்வெளியில் தொழிற்பேட்டை போட்டார். 1972இல் இன்டெல் வந்தது. இன்று உலகச் சில்லுகளைப் பொதியிட்டுச் சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அதன் தலைநகரம் பினாங்குதான். சில்லுக்கு வரி போடுவேன் என்று வாஷிங்டன் சொன்னால் இங்கே ஷிஃப்டு வேலைக்குப் போகும் வீட்டில் அடுப்பு யோசிக்கும். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது.

புரிவதால்தான் சொல்கிறேன், ஆபத்து அங்கேதான். ஐம்பது ஆண்டுகளாய்ச் சில்லைச் செய்து அனுப்பினோம். அதன் வடிவமைப்பு நம்முடையதில்லை. 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்தின் வடிவமைப்புகளைப் பயன்படுத்த பத்தாண்டுக்கு 25 கோடி டாலர் தர அரசு ஒப்புக்கொண்டது. அதைத் தப்பு என்று சொல்லவில்லை. கற்றுக்கொள்ள விலை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நாம் உரிமம் வாங்குகிற நாடு, விற்கிற நாடு இல்லை. காப்புரிமையை இறுக்க இறுக்கப் பணம் எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போடப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம். சில்லுக்குச் சலுகை வாங்குவதற்காக மருந்துச் சாவியை மேசையில் வைத்தால், பாயான் லெப்பாசில் மிச்சமாவதை ரெசிடென்சி சாலையில் கட்டவேண்டியிருக்கும்.

இது வெறும் கற்பனை இல்லை. நம் நாடும் சேர்ந்திருந்த டி.பி.பி. என்ற பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தில் மருந்துக் காப்புரிமைக் காலத்தை நீட்டுவது, சோதனைத் தரவுகளை ஆண்டுக்கணக்கில் பூட்டிவைப்பது போன்ற விதிகளை எழுத வைத்ததே அமெரிக்காதான். 2017இல் அது விலகிய பின், மீதி 11 நாடுகளும் அவற்றை நிறுத்திவைத்துத்தான் 2018இல் கையெழுத்துப் போட்டன. அன்று கதவுக்கு வெளியே போனது வேறொரு பெயரில் திரும்பி வரலாம். 84ஆவது பிரிவை நீக்கு என்று எவரும் நேராகக் கேட்க மாட்டார்கள். தரவு பாதுகாப்பு, காலதாமத இழப்பீடு என்று பெயர் வைப்பார்கள். மருந்தின் சோதனைத் தரவு பூட்டப்பட்டுவிட்டால், மலிவு மருந்தைப் பதிவு செய்யவே வழியிருக்காது; பிறகு சாவி கையில் இருந்தும் கதவு திறக்காது.

நம் நாட்டில் அந்நிய ஒப்பந்தங்களில் கையெழுத்திட அரசாங்கத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. அமல்படுத்தச் சட்டம் திருத்தவேண்டி வரும்போதுதான் மக்களவைக்கு வரும். அதற்குள் மை காய்ந்திருக்கும். பினாங்கிலிருந்து 13 பேரை மக்களவைக்கு அனுப்பியிருக்கிறோம். உங்கள் தொகுதிக்காரர் அடுத்த முறை திருவிழாவுக்கோ திறப்பு விழாவுக்கோ வரும்போது ஒன்று கேளுங்கள்: 84ஆவது பிரிவைத் தொடும் எந்த ஒப்பந்தமாக இருந்தாலும், கையெழுத்தாவதற்கு முன் அவையில் வைக்கச் சொல்லி நீங்கள் எழுந்து பேசுவீர்களா?