உங்களுக்குத் தெரியுமா? உழைப்பும் உடம்பும்

இயந்திரத்தில் கை சிக்குவது, சாரம் சரிவது, சுரங்கம் இடிவது. தொழிலாளர் உடல்நலம் என்றால் ஒரு காலத்தில் இவ்வளவுதான் கணக்கில் வந்தது. இன்றைய ஆய்வாளர்கள் வெயிலை அளக்கிறார்கள், வேலை நேரத்தைக் கணக்கெடுக்கிறார்கள், அடுப்பங்கரைப் புகையையும் இரவுப் பணியையும் ஆராய்கிறார்கள். இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவரும் உண்மை ஒன்று உண்டு. ஊரைத் தாக்கப்போகும் கேடு, பெரும்பாலும் உழைப்பவர் உடம்பைத்தான் முதலில் தாக்குகிறது.

விபத்தைவிடப் பெரிய எமன்

வேலை காரணமாக நேரும் சாவுகளை உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கணக்கிட்டு 2021-இல் வெளியிட்டன. 2016-இல் மட்டும் ஏறத்தாழ 19 லட்சம் பேர். அவர்கள் ஆராய்ந்த காரணங்களில் முதலிடம் பிடித்தது ரசாயனமும் அல்ல, தூசியும் அல்ல. நீண்ட வேலை நேரம். அதனால் மட்டும் இறந்தவர்கள் சுமார் 7.45 லட்சம் பேர். வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல். இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் கூடுதல். 'ஓவர்டைம் பார்த்தால் நாலு காசு சேரும்' என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டிரைவரா, கண்டக்டரா?

லண்டன் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே ஊரில், ஒரே புகையில்தான் வேலை பார்த்தார்கள். ஆனால் மாரடைப்பு ஓட்டுநர்களுக்கே அதிகம் வந்தது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இதை 1953-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க நாளொன்றுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி இறங்கினார். மாரிஸ் அத்தோடு நிற்கவில்லை. சீருடை அளவுக் குறிப்புகளை வாங்கிப் பார்த்தார். வேலைக்குச் சேரும்போதே ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு கூடுதலாக இருந்தது என்பதையும் கண்டுபிடித்து, 1956-இல் அதையும் மறைக்காமல் எழுதினார். உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்று இன்று நாம் கேட்கும் அறிவுரைக்கு அந்தப் பேருந்துப் படிகளும் ஓர் அடிப்படை.

உட்காரவும் சட்டம் வேண்டியிருந்தது

உட்கார்ந்தே இருப்பது கெடுதல் என்றால், நின்றே இருப்பதும் கெடுதல்தான். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் பத்து மணி நேரம் நிற்கும் பெண்களுக்குக் கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், இடுப்புவலி எல்லாம் வருகின்றன. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இல் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021-இல் கொண்டுவந்தது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, அங்கே ஊழியருக்கு நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள்.

உப்பளத்து வெயில்

உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. பாத்தியில் விளைந்து கிடக்கும் வெள்ளை உப்பில் பட்டுக் கீழிருந்தும் முகத்தில் அறைகிறது. உப்பு வாருகிறவர் உப்பு நீரில் நின்றபடி வாரிக் குவிக்க வேண்டும். ஒதுங்க மர நிழல் இராது. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்தார்கள். சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

வெயில் வேலை பற்றிய ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தாகத்தை அடக்கி வேலை செய்யும் அந்த உடம்பில் அடிபடுவது சிறுநீரகம். உப்பளத்தில் ஒரு கழிப்பறை கட்டுவதும் சிறுநீரக மருத்துவம்தான். தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல தொடக்கம்.

வயிற்றுக் குழந்தைக்கும் வெயில் சுடும்

அதே ஸ்ரீ ராமச்சந்திரா குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. ஏறத்தாழப் பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்கள். மற்றவர்களின் வேலையிடம் அவ்வளவு வெக்கை இல்லாதது. வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறப்பது ஆகியவற்றின் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. 2024-இல் இது வெளியானது. கர்ப்பிணிக்கு வெயில் நேரத்தில் ஓய்வு கொடுப்பதை இனி யாரும் சலுகை என்று சொல்லக் கூடாது.

சர்க்கரையும் இல்லை, பி.பி.யும் இல்லை

சிறுநீரகம் கெட்டால் சர்க்கரை நோயா, ரத்தக் கொதிப்பா என்றுதான் முதலில் கேட்போம். இரண்டுமே இல்லாத உழவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது 1990-களில் இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இதே கதை. பூச்சிமருந்து, குடிநீர், கன உலோகம், வெப்பம் என்று காரணங்களைப் பற்றிய வாதம் தொடர்கிறது. ஆனால் வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிகரகுவாவில் கரும்பு வெட்டுவோருக்குத் தண்ணீர், நிழல், முறையான ஓய்வு மூன்றையும் கூட்டிக் கொடுத்ததும் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

அடுப்பு மாறினால் போதுமா?

விறகடுப்புக்குப் பதில் கேஸ் அடுப்பு கொடுத்தால் பிறக்கும் குழந்தையின் எடை கூடுமா? இதை அறிய இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடங்கள் விழுப்புரமும் நாகப்பட்டினமும். கேஸ் கிடைத்த பெண்கள் சுவாசித்த நுண்துகள் அளவு கன மீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோகிராம்; விறகடுப்புப் பெண்களுக்கோ சுமார் 70. புகை இவ்வளவு குறைந்தும் குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2022-இல் முடிவு வந்தது. எதிர்பார்த்தது கிடைக்காதபோதும் உள்ளபடி வெளியிட்டார்களே, அதுதான் அறிவியல். கருவுற்ற பிறகு அடுப்பை மாற்றுவது தாமதமோ என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது.

அளவுகோலே மாறிவிட்டது

காற்றில் மிதக்கும் பி.எம். 2.5 நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று இருந்த வரம்பை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 5 ஆகக் குறைத்தது. குறைந்த அளவிலும் தீங்கு உண்டு என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டியதுதான் காரணம். இந்தியாவின் வரம்பு இன்னும் 40.

இரவுப் பணிக்கு ஒரு விலை

உறக்கம் கெடுவதோடு இரவுப் பணி முடிந்துவிடுவதில்லை. 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் இரவுப் பணியைச் சேர்த்தது. 2019-இல் மீண்டும் ஆராய்ந்து அதை உறுதிசெய்தது. நெடுங்காலம் இரவுப் பணி பார்த்து மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் சிலருக்கு டென்மார்க்கில் இழப்பீடே கொடுத்தார்கள். செவிலியர், காவலர், ஐ.டி. ஊழியர், மில் தொழிலாளி எல்லோரையும் தொடும் செய்தி இது.

பளபளக்கும் சமையல் மேடை

குவார்ட்ஸ் என்று சொல்லி விற்கும் செயற்கைக் கல் மேடையில் சிலிக்கா 90 சதவீதத்தையும் தாண்டலாம். கிரானைட்டில் அதில் பாதிகூட இருக்காது. மேடை வீட்டில் கிடக்கும்வரை தீங்கு இல்லை. அதை அறுத்து, துளைபோட்டு, மெருகேற்றுகிறவரின் நுரையீரலில்தான் அந்தத் தூசி படிகிறது. கல் குவாரியில் பல பத்தாண்டுகள் கழித்து வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய், இந்தத் தொழிலில் இளைஞர்களுக்கே சில ஆண்டுகளில் வந்தது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லையே தடைசெய்துவிட்டது. உலகில் முதல் நாடு அதுதான்.

திங்கட்கிழமை நெஞ்சடைப்பு

பஞ்சாலையில் பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் புளோ ரூம், கார்டிங் பிரிவுகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வந்ததும் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். செவ்வாய், புதன் என்று போகப்போகத் தணியும். 'பிசினோசிஸ்' என்ற பஞ்சுத்தூசி நோயின் தொடக்க அடையாளம் இது. பஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் நச்சு இதற்கு முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். கவனிக்காமல் விட்டால் எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும். மூச்சுத்திணறல் எந்தக் கிழமையில் அதிகம் என்று மருத்துவர் கேட்டால், ஆஸ்துமா என்று தள்ளிவிடாமல் நோயைப் பிடித்துவிடலாம்.

ஆஸ்பெஸ்டாஸ்: வேலைக்கே போகாதவர்களுக்கும்

நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோய்க்கும் ஆஸ்பெஸ்டாசுக்கும் உள்ள தொடர்பைத் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் குழுவினர் 1960-இல் 33 நோயாளிகளைக் கொண்டு காட்டினார்கள். அவர்களில் பலர் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களே அல்ல. சின்ன வயதில் சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள். தூசியை மூச்சில் இழுத்து 20, 30, 40 ஆண்டுகள் கழித்து நோய் வரும். நம் ஊரில் இன்றும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடாக இருக்கிறது. பழைய தகட்டை உலர்ந்த நிலையில் அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள், துளைபோடாதீர்கள்.

மஞ்சளில் கலந்த ஈயம்

ஈயம் கலந்த பெட்ரோலைக் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா. ஆண்டு 2021. ஈயம் அத்தோடு ஒழிந்துவிடவில்லை. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-இல் சொன்னது. வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்குக்கு நிறம் ஏற்ற லெட் குரோமேட் என்ற ஈய நிறமியைக் கலந்தது அங்கே ஈயம் பரவிய வழிகளில் ஒன்று. ஆய்வாளர்கள் இதை வெளிப்படுத்த, அரசு சோதனை நடத்தி அபராதம் போட, வியாபாரிகளுக்கும் எச்சரிக்கை போனது. 2019-இல் சந்தை மஞ்சளில் 47 சதவீத மாதிரிகளில் இருந்த ஈயம் 2021-இல் பூஜ்யமானது. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் ஈயம் கணிசமாகக் குறைந்தது. மனம் வைத்தால் இரண்டே ஆண்டில் முடியும்.

இலங்கை காட்டிய வழி

மிகக் கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை இலங்கை 1995-இல் தடைசெய்தது. 1998-இல் எண்டோசல்ஃபானையும் தடைசெய்தது. தற்கொலைக்குப் பயன்பட்ட அந்த நஞ்சுகள் கைக்கு எட்டாமல் போனதும், அடுத்த பத்தாண்டுகளில் நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் குறைந்ததாகத் தெரியவில்லை. பல்லாயிரம் உயிர்கள் மிஞ்சின.

பிளாஸ்டிக் தூசி

நைலான் இழைத்தூசியால் தொழிலாளர்களின் நுரையீரல் கெடுவது அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 1990-களிலேயே தெரியவந்தது. 2024-இல் இத்தாலிய ஆய்வாளர்கள், கழுத்துத் தமனி அடைப்பை அகற்றிய 257 பேரை ஆராய்ந்தார்கள். 58 சதவீதம் பேரின் அடைப்பில் நுண்பிளாஸ்டிக் இருந்தது. அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் அபாயம் சுமார் நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனால் தொழிலாளர் உடம்பு முப்பது ஆண்டுக்கு முன்பே மணி அடித்தது.

நாற்றம் போனால் ஆபத்து போனதா?

கழிவுநீர்த் தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் முகரும் உணர்வையே மரக்கச் செய்துவிடும். 'நாற்றம் இல்லை, இறங்கலாம்' என்று நினைப்பவர் மயங்கி விழுகிறார். காப்பாற்றக் குதித்தவரும் விழுகிறார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. பணம் உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. இயந்திரத்தைக் கூப்பிடுங்கள், மனிதரை இறக்காதீர்கள்.

ஒரு கேள்வி கேளுங்கள்

இத்தாலியின் மோதெனா நகரில் ராமசீனி என்ற மருத்துவரின் வீட்டில் ஒருவர் மலக்குழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஏன் இவ்வளவு அவசரமாக வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார் ராமசீனி. அதிக நேரம் உள்ளே இருந்தால் கண் பாழாகிவிடும் என்றார் தொழிலாளி. அந்தப் பதில் ராமசீனியைப் பட்டறை பட்டறையாகப் போக வைத்தது. தொழிலாளர் நோய்கள் பற்றி 1700-இல் அவர் எழுதிய நூல்தான் இந்தத் துறைக்கு அடித்தளம். 'என்ன தொழில் செய்கிறீர்கள்?' என்று ஒவ்வொரு நோயாளியிடமும் மருத்துவர் கேட்க வேண்டும் என்றார் அவர்.

நம் மருத்துவமனை வரிசைகளில் அந்தக் கேள்வி பெரும்பாலும் காதில் விழுவதில்லை. எனவே நீங்களே சொல்லிவிடுங்கள். என்ன வேலை, எத்தனை ஆண்டாக, தூசியிலா, வெயிலிலா, இரவிலா, எந்த மருந்தைத் தெளிக்கிறீர்கள், விடுமுறையில் உடம்பு தேறுகிறதா என்று மருத்துவர் கேட்காமலே அவரிடம் சொல்லுங்கள். உங்கள் நோயின் காரணம் அந்தப் பதிலில் இருக்கலாம். அது தெரிந்தால் உங்களோடு வேலை பார்ப்பவர்களும் தப்பிக்கலாம்.