தொண்டர் போன மறுநாள்

2020 மார்ச் 18 அன்று கோவிட் பெருந்தொற்றைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும் ஜொகூர் கடற்பாலம் வெறிச்சோடியதை நம் ஜொகூர் பாருவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் அங்கேயே தங்குவதா, வீடு திரும்புவதா என்று சில மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 15 அன்று, பீஸ் கோர் என்னும் அமெரிக்கத் தொண்டர் அமைப்பு உலகெங்கும் இருந்த தன் தொண்டர்கள் அனைவரையும் திரும்ப அழைத்துக்கொண்டது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய 7,000 பேர் மூட்டை கட்டினார்கள். அதன் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அவர்களில் பலர் ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் விவசாயிகளோடு வேலை செய்தவர்கள். சாம்பியாவில் அது மக்காச்சோளம் முற்றிவரும் பருவம். அறுவடைக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. கூட நின்ற ஆளைத் திடீரென்று இழந்த ஊர்கள் அடுத்து என்ன செய்யும் என்று கேட்க அந்த அவசரத்தில் யாருக்கும் நேரமில்லை. முதல் தொண்டர் குழு சாம்பியாவுக்குத் திரும்பியபோது 2022 மார்ச் ஆகிவிட்டது.

இதைப் பெருந்தொற்றின் மேல் பழிபோட்டு விட்டுவிடலாம். ஆனால் 2014-இல் எபோலா பரவியபோது கினி, லைபீரியா, சியாரா லியோன் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 340 தொண்டர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2012-இல் மாலியில் ராணுவப் புரட்சி நடந்தது; அங்கிருந்தும் வெளியேறினார்கள். 1962 முதல் நைஜரில் இயங்கிவந்த பீஸ் கோர் திட்டம், அங்கே ஆள்கடத்தல்கள் நடந்ததை அடுத்து 2011 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. இத்தனை முறை நடந்துவிட்ட ஒன்றை இனியும் எதிர்பாராதது என்று சொல்வது சரியல்ல. நோய், கலவரம், விசா, நிதிவெட்டு, ஊரில் பெற்றோருக்கு உடல்நலக்குறைவு என்று எந்த வழியிலாவது அந்த நாள் வந்தே தீரும். ஆகவே தொண்டர் நாளைக்கே இல்லாமல் போனாலும் நிற்கக்கூடிய வேலையை மட்டும்தான் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எத்தனை மாதம் தங்கினார், எத்தனை கூட்டம் நடத்தினார் என்ற கணக்கு அதற்குப் பிறகுதான்.

இது நடக்கக்கூடியதுதானா என்பதற்கு அதே நைஜரில் விடை இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் மராடி பகுதியில் டோனி ரினாடோ என்னும் ஆஸ்திரேலிய வேளாண் அலுவலர் ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்துக்காக மரக்கன்று நட்டுக்கொண்டிருந்தார். நட்டவற்றில் பெரும்பாலானவை கருகின. 1983-இல்தான் வயல்களில் புதர்போல் கிடந்தவற்றை அவர் கூர்ந்து பார்த்தார். அவை களை அல்ல, வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள். வேர் உயிரோடு இருந்ததால் ஆண்டுதோறும் துளிர்த்தன. விவசாயிகளும் விதைப்புக்கு முன் ஆண்டுதோறும் அவற்றை வெட்டினார்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு கட்டையில் முளைக்கும் பத்து இருபது துளிர்களில் நேராக வளரும் மூன்று நான்கை விட்டு மற்றவற்றைக் கழிக்க வேண்டும், விட்ட துளிர்களிலும் பாதி உயரம்வரை பக்கக் கிளைகளைச் சீவிவிட வேண்டும். கத்தி விவசாயியுடையது, வேர் அவர் நிலத்துடையது. 1984 பஞ்சத்தில் மரம் காத்தவர்களுக்கு உணவு தரப்பட்டது. பஞ்சம் தீர்ந்து உணவு நின்றதும் காத்த மரங்களில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். கூலிக்காகக் காத்தது கூலியோடு போயிற்று. ஆனால் விறகும் தீவனமும் கிடைத்து, புழுதிக் காற்றும் தணிந்ததைக் கண்டவர்கள் தாங்களாகவே தொடர்ந்தார்கள். மரமெல்லாம் அரசின் சொத்து என்ற காலனிக் காலச் சட்டத்தின் பிடி தளர்ந்ததும் உதவியது. ரினாடோ 1999-இல் நைஜரைவிட்டுப் புறப்பட்டார். அவருக்குப் பின்னும் முறை ஊர்விட்டு ஊர் பரவியது. செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் மீண்டிருப்பதாகக் கணித்தார்கள். அதில் பெரும்பகுதி எந்தத் திட்டத்தின் நேரடி உதவியும் இல்லாமல் நடந்தது.

தொடங்கியவர் போன பின்னும் வேலை நிற்பதற்கு நம் ஜொகூர் மாநிலத்திலேயே ஒரு நெருங்கிய சான்று உண்டு. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். ஆனால் அதன் பூக்களில் மகரந்தம் சேர்க்கும் வண்டு கூடவே வரவில்லை; தோட்டத் தொழிலாளர்கள் குலை குலையாகப் போய் மகரந்தத் தூளைக் கையால் தூவினார்கள். கேமரூனில் அந்த வண்டின் வேலையை ஆராய்ந்த பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத்தின் முயற்சியால், 1981 பிப்ரவரியில் குளுவாங்கில் உள்ள தோட்டத்தில் அது முதன்முதலாகப் பறக்கவிடப்பட்டது. கையால் தூவும் வேலை அத்தோடு முடிந்தது. ஆராய்ச்சியாளர் போன பின்னும் வண்டு வேலை செய்கிறது. ஆப்பிரிக்க மண்ணுக்கு நாம் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று நினைக்கும் இளையர்கள், ஜொகூர் தோட்டங்களின் விளைச்சலுக்கு அந்த மண் கொடுத்ததையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஆனால் எல்லா வேலையும் அந்த வண்டைப் போன்றதல்ல: வண்டு தானே பெருகும், அடிகுழாய் பெருகாது. சகாராவுக்குத் தெற்கே கிராமங்களில் போடப்பட்ட அடிகுழாய்களில் எந்த நேரத்திலும் சுமார் மூன்றில் ஒன்று பழுதாகிக் கிடக்கிறது என்ற கணிப்பு பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. போட்டவர்கள் போய்விட்டார்கள்; உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், யார் பணம் கட்டுவது என்பதைச் சொல்லிவைக்கவில்லை.

போகும் நாளை நினைத்துக்கொண்டே வேலை செய்தால் மனம் ஒட்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிராமத்து வாழ்க்கையில் பழக்கமும் பாசமும்தான் முதலீடு. நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடாதவரின் சொல்லை எந்த விவசாயியும் கேட்கமாட்டார். ஆனால் ஒட்டியிருப்பது வேறு, எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருப்பது வேறு. கூட்டுறவுக் குழுவின் கணக்கு நோட்டு தொண்டரின் பையிலும், விதைக் கடைக்காரரின் எண் அவர் கைப்பேசியிலும் மட்டுமே இருந்தால், பாசம் எவ்வளவு இருந்தாலும் விமானம் ஏறும் நாளில் குழு முடங்கிவிடும். ஆபத்தில் தொண்டரை அங்கேயே விடலாமா என்பது இன்னொரு கேள்வி. கூடாது. அழைத்துக்கொண்டது சரியே. அழைக்க வேண்டிவரும் என்று தெரிந்தும் ஒப்படைப்புக்கு ஏற்பாடு செய்யாததைத்தான் குறை சொல்கிறேன். அப்படியானால் வெளியாள் எதற்கு, அந்தப் பணத்தில் உள்ளூர்க்காரரையே வேலைக்கு வைக்கலாமே என்பது இவற்றில் வலுவான வாதம். பெரும்பாலான இடங்களில் அதுதான் சரி என்றே எனக்குப் படுகிறது. வெளியாள் போக வேண்டிய இடம், உள்ளூரில் இன்னும் இல்லாத ஒரு திறமையைக் கைமாற்ற வேண்டிய இடம் மட்டுமே.

அப்படித் திறமை கைமாறியதை மலேசியா கண்டிருக்கிறது. 1962 முதல் 1983 வரை 4,000-க்கும் மேற்பட்ட பீஸ் கோர் தொண்டர்கள் இங்கே பணிபுரிந்தார்கள். சிற்றூர்ப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலமும் கற்பித்தார்கள். சுகாதாரத் துறையிலும் இருந்தார்கள். உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்கள் பெருகப் பெருக அவர்கள் தேவை குறைந்தது. அவர்கள் போனதால் பள்ளிகள் மூடப்படவில்லை.

இன்று ஆப்பிரிக்காவுக்குத் தொண்டு செய்யப் போக விரும்பும் ஜொகூர் பாரு இளையர்கள், அனுப்பும் அமைப்பிடம் விமானச் சீட்டையும் காப்புறுதியையும் பற்றிக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அந்த ஊரில் என்னோடு வேலை செய்யப்போகும் உள்ளூர்க்காரர் யார், அவருக்குச் சம்பளம் உண்டா, நான் திரும்பி வந்துவிட்டாலும் அந்தச் சம்பளம் தொடருமா என்று கேட்க வேண்டும். இதற்கு முன் போனவர் விட்டுவந்த வேலை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதை யாராவது நேரில் போய்ப் பார்த்தார்களா என்றும் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தெரியாத அமைப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டாம்.