அத்தான் போட்ட பதினொன்றரை வருஷக் கணக்கு!

பி.காம். படித்தவனுக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு தனி மரியாதை உண்டு. வருமான வரி, வட்டிக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். காபியோடு அனுப்பிவிடுவார்கள்!

இந்த முறை விருதுநகரிலிருந்து அத்தான் கூப்பிட்டது வேறு கணக்குக்கு.

"மாப்ளே, உடனே கிளம்பி வா. உன் அக்கா மக பிளஸ் ஒன்ல காமர்ஸ் எடுக்க மாட்டேங்கிறா. நீதான் புத்தி சொல்லணும்!"

அத்தானுக்கு மளிகைக் கடை. ஒரே மகள். கடைக் கணக்குக்கு வீட்டிலேயே ஆள் தயாராகிறது என்று ரொம்ப நாளாகக் கனவு. நான் போய் இறங்கினபோது, அவள் பயாலஜி குரூப்புக்கு விண்ணப்பத்தை நிரப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கேன்சர் டாக்டராகணும் மாமா."

"அது எந்தக் காலேஜ்ல இருக்கு? நேரா அங்கேயே சேர்த்துட்டா வேலை முடிஞ்சுதுல்ல?" என்றார் அத்தான்.

நான் முழித்தேன். எனக்குத் தெரிந்த மருத்துவம் தைலம் தேய்ப்பதோடு சரி. டாக்டராக இருக்கும் பள்ளித் தோழனுக்குப் போன் போட்டேன். அரை மணி நேரம் பாடம் எடுத்தான். அத்தானின் கடைச் சிட்டையில் குறித்துக்கொண்டேன்.

முதல் விஷயம், நேராகக் கேன்சர் டாக்டராகிற படிப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது! பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல். பிறகு 720 மார்க்குக்கு 'நீட்' தேர்வு. அதில் தேறி இடம் கிடைத்தால் எம்.பி.பி.எஸ். நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. காய்ச்சல், பிரசவம், எலும்பு முறிவு எல்லாம் கற்றுக்கொண்டு, முதலில் 'முழு டாக்டர்' ஆக வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. மறுபடி ஒரு நுழைவுத் தேர்வு எழுதி, மூன்று வருஷ மேற்படிப்பு.

கதிர்வீச்சு சிகிச்சை தருகிறவர் ஆக, அதற்கென்றே உள்ள எம்.டி. படித்தால் போதும். கீமோதெரபி மாதிரி மருந்து சிகிச்சைக்கு, பொது மருத்துவம் போன்ற ஒன்றில் எம்.டி. முடித்து, இன்னொரு நுழைவுத் தேர்வு எழுதி, மேலும் மூன்று வருஷம் டி.எம். கட்டியை வெட்டி எடுக்கிற சர்ஜன் ஆக, எம்.எஸ். முடித்து மூன்று வருஷம் எம்.சிஎச்.

அத்தான் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "அஞ்சரையும் மூணும் எட்டரை. இன்னொரு மூணு... பதினொன்றரை வருஷம்! பதினெட்டுல ஆரம்பிச்சாலும் இருபத்தொன்பதரை. நடுவுல ஒரு பரீட்சை போச்சுன்னா முப்பது. கல்யாணம் எப்ப மாப்ளே?"

அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

அவள்தான் பேசினாள். "அம்மாச்சி அந்தக் கட்டியை எத்தனை மாசம் யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தாங்க மாமா?"

அம்மாச்சி என்றால் என் அம்மா. மார்பில் கட்டி. எட்டு மாசம் மறைத்திருந்தாள். "ஆம்பளை டாக்டர்கிட்ட எப்படிடா காட்டுறது?" என்று கடைசியில் என்னிடம் சொன்னபோது, நோய் எலும்பு வரைக்கும் போயிருந்தது.

"பொம்பளை டாக்டர் இருந்திருந்தா மொத மாசமே போயிருப்பாங்கல்ல?"

யாருக்கும் பதில் இல்லை. கடைப் பையன் வந்து, "மொதலாளி, துவரம்பருப்பு என்ன விலை?" என்று கேட்டான். அத்தானுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

சென்னை அடையாறில் இருக்கும் கேன்சர் இன்ஸ்டிட்யூட் பிறந்ததும் இப்படி ஒரு வீட்டுத் துக்கத்தில்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அந்த வலியைச் சுமந்தே பல வருஷம் போராடி, 1954-ல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தார். அடுத்த வருஷம் அங்கே சேர்ந்தவர் டாக்டர் சாந்தா. அவர் படித்தது மகப்பேறு மருத்துவம்! அந்தக் காலத்தில் புற்றுநோய்க்கென்று இங்கே தனிப் படிப்பு ஏது? 2021-ல் மறையும்வரை அந்த ஆஸ்பத்திரியே அவருக்கு வீடு. நம் நாட்டில் முதல்முதலாக இந்த டி.எம்., எம்.சிஎச். படிப்புகளைத் தொடங்கியதும் 1984-ல் அதே இடம்தான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, என் பி.காம். அறிவையும் கொஞ்சம் அவிழ்த்துவிட்டேன்.

"அத்தான், கடைக்கு ஃப்ரிட்ஜ் வாங்கினா அந்தச் செலவு முழுசையும் ஒரே வருஷ நஷ்டமா எழுதுவீங்களா? வருஷாவருஷம் பிரிச்சுத்தானே எழுதுறீங்க? பதினொன்றரை வருஷத்தை இன்னிக்கே ஏன் கூட்டணும்? எம்.பி.பி.எஸ். முடிச்சாலே டாக்டர்தான். கடைசி வருஷப் பயிற்சியிலேயே உதவித்தொகை வரும். மேற்படிப்பிலயும் உண்டு. ஒவ்வொரு படியிலயும் நின்னு யோசிக்கலாம். அவ படிக்கிறது அரசுப் பள்ளி. ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் அங்கேயே படிச்சா, தமிழ்நாட்டுல 2020-லேர்ந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கு. ஆனா இன்னிக்கு பயாலஜியை விட்டா, முதல் படியே இல்ல!"

அத்தான் ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போய்விட்டார். காமர்ஸுக்காக வக்காலத்து வாங்க வந்தவன் கட்சி மாறிவிட்டேன் என்று கோபமோ என்னவோ!

ராத்திரி கடையை மூடிவிட்டு வந்தார். விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணாடி போட்டு ஒருமுறை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

"சரி மாப்ளே... கடைக் கணக்கை இனிமே யாரு பார்ப்பா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டேன்!