கொலுப் படி முதல் கார்த்திகை அகல் வரை: மழை மாதங்களில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் எதைக் கவனிக்கணும்?

முதலில் கொலு. அடுத்து தீபாவளி. அதற்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான 3 மாதங்களில்தான் பெய்கிறது. பிறகு கார்த்திகை தீபம். பெரியவர்களுக்கு இது பண்டிகை சீசன். வீட்டில் ஒன்றரை வயதில் ஒரு வாண்டு இருந்தால் கதையே வேற.

செருப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து "டாட்டா, டாட்டா" என்று நிற்கும். வெளியே மழை. கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகியும் காயாது. ஃபேனுக்குக் கீழே நாற்காலி முழுக்க ஜட்டியும் துண்டும் தொங்கும். தேய்த்துத் தேய்த்தே அயர்ன் பாக்ஸ் சூடாகிக் கிடக்கும் (அதுவும் கட்டில் விளிம்பில்!). கடைசியில் எல்லாரும் களைத்துப்போய், கையில் மொபைலைக் கொடுத்து உட்கார வைப்பதுதான் நடக்கும். 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. மழை நாளில் அதை அப்படியே கடைப்பிடிக்கும் வீடு எத்தனை இருக்குமோ! அதற்காகப் பெற்றோரைக் குற்றம் சொல்ல மனசு வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. வெளியே போக முடியாத குழந்தை வீட்டுக்குள் அடைபடும் இதே மாதங்களில்தான், வழக்கமாக மேலே இருக்கும் பொருட்கள் எல்லாம் தரைக்கு இறங்குகின்றன. சுண்டல் கிண்ணம், விளக்கு, தீப்பெட்டி, பட்டாசு, கற்பூரம் எல்லாமே அதன் கை எட்டும் உயரத்துக்கு வந்துவிடும்.

சுண்டல் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், மசித்து. முழுக் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் இந்த வயதுக்கு ஆபத்து. ஒன்றரை வயதில் கடைவாய்ப் பல் இப்போதுதான் எட்டிப் பார்த்திருக்கும். கடித்து எடுக்கத் தெரியும், அரைத்து விழுங்கத் தெரியாது. சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ சாப்பிடும்போது ஒரு கடலை மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். கார்த்திகைக்குச் செய்யும் பொரி உருண்டை, கடலை உருண்டைக்கும் இதே கதைதான்.

பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. புரையேறி, கொஞ்சம் இருமி, பிறகு குழந்தை சாதாரணமாகிவிட்டால் "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுவோம். கடலை உள்ளேயே ஒரு பக்க நுரையீரல் குழாயில் தங்கியிருந்தாலும் இப்படி அடங்கலாம். சில நாள் கழித்து விடாத இருமல், வீசிங் என்று வரும்போது எல்லாரும் சளி என்றே நினைப்பார்கள். "போன வாரம் சுண்டல் சாப்பிடும்போது புரையேறிச்சு டாக்டர்" என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரிதான் அவருக்குத் துப்பு.

தீபாவளியில்?

தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரைதான் பட்டாசு வெடிக்க அனுமதி. அந்த 2 மணி நேரமாவது குழந்தையை ஜன்னல் சாத்திய அறையில் வைத்திருங்கள். "இது சின்னப் பசங்க வெடிதானே" என்று நாம் கையில் கொடுக்கும் கம்பி மத்தாப்பின் பொறி ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். எரிந்து முடிந்த கம்பியைத் தரையில் போட்டால் அடுத்து அதை மிதிப்பது வெறுங்காலோடு வரும் குட்டிதான். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் வையுங்கள், கம்பியை அதில் போடுங்கள். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டணும். இங்க், டூத் பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம்.

மறுநாளே இருமல் ஆரம்பித்தால்?

இந்த வயதில் வருடத்துக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம். அதில் பாதி இந்த மாதங்களிலேயே வந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு இருமலும் முழுசா அடங்க 2, 3 வாரம் ஆகலாம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்தால் "ரெண்டு மாசமா இருமுது" என்றுதான் வீட்டுக்குத் தோன்றும். அப்போதுதான் யாராவது மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஒரு சிரப் வாங்கி வருவார்கள்.

அங்கேதான் நிற்கணும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடத்திய பரிசோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது தெரிந்தது. அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கவோ கொடுக்கவோ கூடாது, 5 வயதுக்குக் கீழே பொதுவாக இவை வேண்டாம் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. நச்சு கலக்காத நல்ல சிரப்பாக இருந்தாலும் சாதாரண சளி இருமலுக்கு இந்த வயதில் பெரிதாகப் பலன் தருவதில்லை. தூக்கக் கலக்கம் மாதிரி பக்கவிளைவுகள்தான் மிச்சம்.

அப்போ என்னதான் செய்வது? ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கப் போகும் முன் அரை ஸ்பூன் தேன் (ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது), மூக்குக்கு சலைன் சொட்டு, அடிக்கடி தண்ணீர், வெதுவெதுப்பான ரசம் சாதம். கூடவே மூச்சை எண்ணுங்கள். குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, மொபைலில் ஸ்டாப்வாட்ச் போட்டு ஒரு முழு நிமிடம் எண்ணணும். 1 முதல் 5 வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு, அன்றே டாக்டரிடம் காட்டணும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ, எதையும் குடிக்க மறுத்தாலோ 108தான்.

பாட்டி வைத்தியம்?

கஷாயத்துக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, மூக்கில் எண்ணெய் விடுவது. அது நுரையீரலுக்குள் போய் ஒரு வகை நிமோனியாவையே கொண்டுவரலாம். இன்னொன்று கற்பூரம். தேங்காய் எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தடவுவது, துணியில் முடிந்து கழுத்தில் கட்டுவது எல்லாம் பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. பூஜையறையில் கிடக்கும் ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டாலே இந்த வயதில் வலிப்பு வரலாம். "உன் அப்பனுக்கெல்லாம் இதைத்தான் தடவினேன்" என்று பதில் வரும். "சரிம்மா, டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார்" என்று பழியை டாக்டர் மேல் போடுங்கள். அது வேலை செய்யும்.

காய்ச்சல் விட்ட பிறகும் ஏன் பார்க்கணும்?

மழை நின்ற பிறகு வரும் காய்ச்சல் என்றால் டெங்குவும் மனதில் இருக்கணும். அதில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் குறையும்போதுதான் தொடங்குகிறது, பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள். காய்ச்சல் விட்டும் குழந்தை சோர்ந்து கிடந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வயிறு வலித்து அழுதால், கைகால் சில்லிட்டால், 6 மணி நேரமாக ஒன்றுக்குப் போகாவிட்டால் மருத்துவமனைதான்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும், ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். அளவு வயதை வைத்து இல்லை, எடையை வைத்து. பாட்டிலையும் பாருங்கள்: டிராப்ஸில் ஒரு மில்லிக்கு 100 மி.கி. மருந்து. சிரப்பில் 5 மில்லிக்குத்தான் 120 அல்லது 250 மி.கி. சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியை டிராப்ஸ் பாட்டிலிலிருந்து ஊற்றினால் 500 மி.கி. போய்விடும். இரவு 2 மணிக்கு, அரைத் தூக்கத்தில் இது யாருக்கும் நடக்கக்கூடியது. டாக்டர் சொன்ன அளவை பாட்டில் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

பேட்டரி அகலில் என்ன ஆபத்து?

குழந்தை இருக்கும் வீடு, தீ வேண்டாமே என்று கார்த்திகைக்கு எல்.இ.டி. அகல் வாங்குகிறோம். நல்ல யோசனைதான். ஆனால் அவற்றில் பல பட்டன் பேட்டரியில் எரிபவை. சிலவற்றில் அடி மூடிக்கு ஸ்க்ரூ கூட இருக்காது, நகத்தால் தள்ளினாலே திறக்கும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், எச்சிலில் மின்சாரம் பாய்ந்து 2 மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும், இருமும், நாமும் சளி என்றே நினைப்போம். ஒரு பேட்டரி காணோம் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்பணும். 'நாளைக்கு வெளியே வந்துடும்' என்று காத்திருக்கக் கூடாது.

வாங்கும்போதே ஸ்க்ரூ வைத்த மூடியாகப் பார்த்து வாங்குங்கள். தீபம் முடிந்து அட்டைப் பெட்டியில் எடுத்து வைக்கும்போது பேட்டரிகளைக் கழற்றி எண்ணிப் பாருங்கள். தீர்ந்துபோன பேட்டரியும் இதே சேதத்தைச் செய்யும். அதனால் இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாத பரணில் வையுங்கள்.