பாட்டி கொட்டிய வண்டல்

இஞ்சியை இடித்துச் சாறு பிழிந்தால் என் பாட்டி உடனே தரமாட்டார். பத்து நிமிடம் டம்ளரை அசைக்காமல் வைத்து, அடியில் தங்கும் வெள்ளை வண்டலைக் கொட்டிவிட்டுத் தெளிவை மட்டும் தேனில் குழைத்துத் தருவார். வண்டல் நஞ்சாம். சுக்கென்றால் தோலைச் சீவாமல் உரலில் போட விடமாட்டார். அந்தத் தோலும் நஞ்சாம். வண்டல் பெரும்பாலும் வெறும் மாவுச்சத்துதான் என்று பிற்பாடு தெரிந்தபோது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. சுக்கு கூடுதலாக உறைப்பது அதனால்தான். பாராசிட்டமாலை அளவுமீறிப் புகட்டிய எலிகள், காட்மியமும் ஈயமும் பூச்சிமருந்தும் தின்ற எலிகள் என, இஞ்சி நஞ்சை முறிக்குமா என்று பல ஆய்வுக்கூடங்களில் சோதித்துவிட்டார்கள். கூடவே இஞ்சிச் சாரமும் பெற்ற எலிகளுக்கு ஈரல் சேதம் குறைவு; ஈரல் சேதத்தைக் காட்டும் எஸ்ஜிபிடி ரத்தத்தில் அந்த அளவுக்கு எகிறவில்லை. பாராசிட்டமால் ஈரலில் சிதையும்போது ஒரு நச்சுப்பொருள் பிறக்கிறது. குளுட்டதையோன் அதைப் பிடித்து அப்புறப்படுத்தும். மாத்திரை மிஞ்சினால் குளுட்டதையோன் தீர்ந்து ஈரல் செல்கள் மடியும். அந்தக் கையிருப்பு கரைந்துபோகாமல் இஞ்சி தாங்கிப் பிடிக்கிறது என்பதே ஆய்வுகளின் சாரம்.

எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்குமா என்கிறார்கள் மருத்துவர்கள். நியாயம்தான். மாத்திரையை அள்ளி விழுங்கியவருக்குக் கஷாயம் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். அதற்கான முறிவு மருந்து அசிட்டைல்சிஸ்டீன் ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

என் கவலை வேறு. நஞ்சை முறிக்கும் என்று நாம் நம்பும் கிழங்கு எந்த மண்ணில் விளைகிறது? வயநாட்டிலும் குடகிலும் இஞ்சிக்காரர்களைத் தூங்கவிடாத நோய் கிழங்கு அழுகல். மழை பிடித்தால் பாத்தி பாத்தியாகத் தண்டு சாயும். நிலமோ பெரும்பாலும் குத்தகை. போட்ட பணத்தை ஒரே போகத்தில் எடுத்தாக வேண்டும். பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து வேரில் ஊற்றுகிறார்கள். அந்த மண்ணுக்குள்தான் கிழங்கு மாதக்கணக்கில் கிடக்கிறது. இஞ்சிக்கும் வாழைக்கும் ஒருகாலத்தில் தாராளமாகத் தூவிய ஃபோரேட் குருணை, 2020 முடிவோடுதான் இந்தியாவில் தடைக்குள் வந்தது. போதாக்குறைக்கு, பழைய இஞ்சியை அமிலத்தில் கழுவிப் புதுசாக்கி விற்றதும் வடக்கே பிடிபட்டிருக்கிறது. எலிக்குக் காட்மியம் கொடுத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள், சந்தை இஞ்சியில் என்ன இருக்கிறது என்பதையும் அதே ஆர்வத்தோடு பார்க்கலாமே!

அதுவரை, பளபளக்கும் மஞ்சள் இஞ்சியை விட்டுவிட்டு, மண் ஒட்டிய கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். நன்றாக ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். தோலைச் சீவ மறக்காதீர்கள். வண்டலை வேண்டுமானால் குடித்துக்கொள்ளுங்கள்.