சிறிய இரைப்பைக்குச் சிறிய மிடறு

நம் நாட்டில் வயது வந்தோருள் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையோர் எனச் சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. அவர்களுள் மிகுந்த பருமனுடைய சிலருக்கு மருத்துவர்கள் இரைப்பை அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றனர். அதன் ஒரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்படுகிறது. இரைப்பை சிறுத்துவிடும், பழக்கமோ தானாக மாறுவதில்லை.

பகாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் மரம் சீவச் செல்லும் நாம், பாலை நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பியதும் செம்பு நீரை ஒரே மூச்சில் பருகுவோம். சிகிச்சை பெற்றவருக்கு இது வலியையும் வாந்தியையும் தரும். ஆகவே, மருத்துவர் வேலைக்கு அனுமதித்த பின், தண்ணீர்ப் புட்டியை நிரைக்கே கொண்டு சென்று, சிறு மிடறுகளாகப் பருகி வருதல் வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தேவை; வெயிலில் இன்னும் கூடுதலாகும். சிறுநீர் அடர்நிறமானால் நீர் போதவில்லை என்று அறிக.

உணவோடு நீர் அருந்தலாகாது. உண்டபின் அரைமணி நேரம் பொறுத்தல் நன்று. முதலில் நீராகாரம், பின்னர் மசித்த உணவு, அடுத்து மென்மையான உணவு எனச் சில வாரங்களில் படிப்படியாக முன்னேற வேண்டும். முட்டை, மீன், பருப்பை முதலில் நன்கு மென்று உண்க. சோறு கடைசியில் சிறிதளவே. இனிப்பு மிகுந்த தேநீர் சிலருக்குப் படபடப்பும் மயக்கமும் உண்டாக்கும். மருத்துவர் தரும் சத்து மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் கைவிடலாகாது.

இல்லத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. “இன்னும் ஒரு பிடி” என்று அன்போடு வற்புறுத்தாதிருப்பதே இங்கு உண்மையான உபசரிப்பாகும்.