எல்லைப்புறப் பேச்சும் பேச்சுக் குறைபாடும்

பேச்சு, மொழி என்னும் இரண்டும் பொதுவழக்கில் ஒரு பொருள் குறித்த சொற்களாகவே வழங்கி வருகின்றன. பேச்சு-மொழி நோயியல் அவற்றைப் பிரித்தறிவதிலிருந்தே தொடங்குகிறது. ஒலியுறுப்புகளின் இயக்கத்தால் ஒலிகளைப் பிறப்பிப்பது பேச்சு. சொல்லையும் தொடரையும் பொருளையும் ஆளும் அறிவு மொழி. அண்ணப் பிளவுடன் பிறந்த குழந்தையிடம் மொழியறிவு குறைவின்றி இருக்க, ஒலிப்பு மட்டும் சிதைந்து காணப்படலாம். மூளைப் பாதிப்பால் நேரும் அபேசியாவில் நாவும் இதழும் நலமாயிருந்தும் சொல் வாராது போகலாம். 1861இல் புரோக்காவும் 1874இல் வெர்னிக்கேயும் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பின்னரே இவ்வேறுபாடு மருத்துவத்தில் உறுதிப்பட்டது.

இவ்விரண்டினும் மாணவர்க்கு இடர் தருவது மற்றொரு பாகுபாடு. அது குறைபாட்டையும் வழக்கு வேறுபாட்டையும் பிரித்தறிதல். ‘நோயியல்’ என்னும் பெயரே பொதுவழக்கினின்று விலகும் ஒலிப்பையெல்லாம் நோயாகக் காணத் தூண்டக்கூடியது. கிளைமொழி எதுவும் குறைபாடு ஆகாது என்னும் நிலைப்பாட்டை அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கம் 1983இல் வெளிப்படையாக அறிவித்தது. கொள்கையளவில் இதனை மறுப்பார் இலர். சோதனைத் தாளைக் கையிலெடுக்கும்போதுதான் இது மறக்கப்படுகிறது.

தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து வழங்கும் எல்லைப்புறத்தில் இப்பாகுபாட்டைத் தெளிவாகக் காணலாம். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வட்டத்தின் தென்பகுதியில் உள்ள பாறசாலை, குளத்தூர் முதலிய ஊர்களில் ஆட்சி எல்லையும் மொழி எல்லையும் ஒன்றாக அமையவில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பயிலும் ஒரு குழந்தையை இங்கே எண்ணிக்கொள்ளலாம். பொதுத்தமிழை அளவுகோலாகக் கொண்ட படச்சோதனை ஒன்றில் அக்குழந்தை ‘தேங்ங’, ‘மாங்ங’, ‘மஞ்ஞள்’ எனச் சொல்கிறது. சோதிப்பவர் இதனை மெய்ம்மயக்கத்தைக் குறைத்தல் என்று குறித்துக்கொள்ளக்கூடும். மெல்லினத்தை அடுத்த வல்லினம் மறைந்து மெல்லினம் மட்டும் எஞ்சுவது வளரும் குழந்தைகளின் பேச்சில் அரிதன்று. குறிப்பிட்ட அகவைக்குப் பின்னும் அது நீடித்தால் ஒலியனியல் குறைபாடாகக் கருதப்படும்.

ஆனால் மலையாளத்தில் இது வரலாற்று மாற்றம். ங்க, ஞ்ச, ந்த, ன்ற ஆகியவை பல சொற்களில் இரட்டித்த மெல்லினமாயின. ம்ப, ண்ட ஆகியவை மாறவில்லை. எனவே ‘மாங்ங’ என்னும் குழந்தையிடம் ‘பாம்பு’, ‘வண்டி’ ஆகிய சொற்களைக் கேட்டறிதல் வேண்டும். அவற்றைப் பிழையின்றிச் சொல்லுமாயின் அது மலையாளத்தின் விதியைப் பின்பற்றுகிறது. ‘பாம்மு’, ‘வண்ணி’ எனச் சொல்லுமாயின் இரு மொழிகளுள் எதுவும் அவ்வடிவத்தை அதற்குக் கற்பித்திருக்க இயலாது. அங்கே மேற்கொண்டு ஆராய இடமுண்டு. ஈண்டு மற்றொன்றும் நினைக்கத்தக்கது. ன்றகர வரிசையில் தமிழ்ப் பேச்சுவழக்கே ‘ஒண்ணு’, ‘மூணு’ என மாறியிருக்கிறது. அதனை யாரும் குறைபாடு என்பதில்லை.

வினைமுற்றில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. தமிழ் வினை திணை, பால், எண், இடம் காட்டும். மலையாள வினை இவ்விகுதிகளை இழந்துவிட்டது. ‘அவன் வந்நு’, ‘அவள் வந்நு’ என இரண்டும் ஒருபடித்தாகவே வரும். ஆகவே எல்லைப்புறக் குழந்தையொன்று ‘அக்கா வந்நு’ என்று கூறின், இயைபு விகுதியைக் கையாளும் திறன் வளரவில்லை என்று முடிவுகட்டலாகாது. இயைபு மலையாளத்தில் இல்லாமையின் அம்மொழியில் அதனைச் சோதிக்கவும் இயலாது. வேற்றுமை உருபு, காலம் காட்டும் உருபு ஆகியவற்றை அக்குழந்தை இரு மொழிகளிலும் எவ்வாறு ஆள்கிறது என்று நோக்குதலே தக்க வழி. மொழிவளர்ச்சிக் குறைபாடு இருமொழியாளரிடம் ஒரு மொழியோடு நின்றுவிடுவதில்லை. ‘எனக்கு’, ‘என்னை’ என்பவற்றைத் தமிழில் மயங்கும் குழந்தை, மலையாளத்தின் ‘எனிக்கு’, ‘என்னெ’ என்பவற்றையும் மயங்குமாயின் ஐயத்துக்கு வலுவுண்டு.

பிழை இருபுறமும் நேரலாம். வேறுபாட்டைக் குறைபாடாகக் கொண்டால் நலமான குழந்தை தன் தாயின் பேச்சை மறக்கப் பயிற்றப்படும். குறைபாட்டை ‘மலையாளக் கலப்பு’ என்று தள்ளிவிட்டால், மருத்துவம் வேண்டும் குழந்தை மொழி வளரும் ஆண்டுகளை இழந்துவிடும். செவிக்குறைவு அடிப்படைக் காரணமாயின் அவ்விழப்பு பெரிது. பின்னதே கடுமையானது எனலாம்; ஏனெனில் முன்னதைப் பெற்றோர் எளிதில் உணர்வர், பின்னதை அவர்களே நம்பிவிடுவர்.

1965இல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு-கேட்டல் நிறுவனமும், 1997இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய தேசியப் பேச்சு-கேட்டல் நிறுவனமும் இத்துறையில் வல்லுநர்களை உருவாக்கி வருகின்றன. அவர்கள் கையாளும் சோதனைகளை மொழிபெயர்ப்போர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தமைதல் போதாது. எல்லைப்புறத்துக்கான படப்பட்டியலில் ‘மாங்காய்’ இடம்பெறுமாயின் ‘பாம்பு’ம் இடம்பெறவேண்டும்; ஏற்கத்தக்க விடைகளுள் ‘மாங்ங’ என்பதும் அச்சிடப்படவேண்டும். விடை ஐயத்துக்குரியதாயின், குழந்தையின் தாயும் உடன்பிறந்தாரும் அச்சொல்லை எவ்வாறு ஒலிக்கின்றனர் என்று கேட்டுக் குறிக்க அருகிலேயே ஒரு நிரல் வேண்டும்.